எட்டாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும்

தலவாக்கலையிலிருந்து லொறியில் வந்த பெட்டியில்
பன்னிரண்டு புத்தகம்.
பதினொன்று எழுத்தும் எண்ணும்.
ஒன்றில்தான் நாட்டுப் பண்டிகை எல்லாம்,
ஆளுக்கு ஒரு பக்கமாய்.
வழவழப்பான தாள். பிள்ளைகள் அதை
முதலில் மூக்கால்தான் படித்தார்கள்.

எட்டாம் பக்கம் பொங்கல்.
வயல், வயலுக்கு அப்பால் பனை,
அகன்ற முற்றத்தில் கோலம்,
கொம்பில் சாயம் பூசிய காளை.
"டீச்சர், இது எந்த டிவிசன்?"
என்றான் லோஜிதன்.
"பணிய டிவிசன்" என்றாள் சஸ்மிதா.
அங்கே அவள் போனதே இல்லை.
"அந்தப் பெரிய வூட்டுல எத்தனை குடும்பம்?"
ஒன்று என்றேன்.
யாரும் நம்பவில்லை.
ஆறு என்று தாங்களே முடிவு செய்து
ஆறு அடுப்புக்கும் விரலால் இடம் பிரித்தார்கள்.

போன தையில் எங்கள் பானை
வாசற்படிக்கும் கானுக்கும் நடுவே கொதித்தது.
பக்கத்துக் காம்பிராப் புகையும் எங்கள் புகையும் ஒன்றாகி
எந்தப் பானை பொங்கியது என்று தெரியாமலே
லயம் முழுக்கக் கூவினோம்.

ஒன்பதாம் பக்கம் வெசாக்.
எல்லோரும் வெள்ளை உடுத்தி
தாமரை மொட்டோடு போகிறார்கள்.
கொழுந்து லொறி டிரைவரின் மகள் செனுலி
மடுவத்தின் ஒரே சிங்களப் பிள்ளை.
தமிழில் சண்டை பிடிப்பாள், சிங்களத்தில் அழுவாள்.
அன்று சிங்களத்தில் அழுதாள்.
கூடு பிழையாம்.
அவள் தாத்தா கட்டிய கூடு மூங்கிலும்
தூள் பையின் பழுப்புத் தாளும்.
("தாத்தா" என்று அவள் அப்பாவைச் சொல்வாள்.
முதல் மாதம் நானே குழம்பிப்போனேன்.)
கோதுமை மாவில் பசை காய்ச்சியது லோஜிதன் அம்மா.
"லோஜிதன் அம்மா எங்க? படத்துல காணோம்!"
நான் பக்கத்தைத் திருப்பினேன்.

நத்தார்ப் பக்கத்தில்
கூரையெல்லாம் வெள்ளையாய்ப் பனி.
"ஐயையோ, கொழுந்து கருகிரும்" என்றாள் அபினயா,
"அம்மாவுக்கு அரைப்பேருதான்."

மாசிக் காமன் கூத்துக்குப் பக்கமே இல்லை.
ஆனால் பின்னட்டையின் உள்பக்கத்தில்
யாரோ அடுப்புக்கரியால் ஒரு ரதி வரைந்திருக்கிறார்கள்,
மீசையோடு.
இந்த வருஷம் ரதி வேஷம் கட்டியது
யாருடைய மாமா என்று எனக்குத் தெரியும்.
சொல்ல மாட்டேன்.

ஆடி மழை.
தகரத்தின் ஓர் ஆணித்துளைக்கு நேர் கீழே
ராக்கை வைத்தது என் பிழை.
எட்டும் ஒன்பதும் ஒட்டிக்கொண்டன.
பால் காய்ச்சும் அடுப்புக்கு அருகில்
இரண்டு நாள் உலர்த்தி,
மூச்சைப் பிடித்து உரித்தேன்.
கூட்டின் சிவப்பு பானை வயிற்றில் இறங்கியிருந்தது.
காளையின் ஒரு கொம்பு பிய்ந்து
வெள்ளை உடுத்தவர்கள் நடுவே நின்றது.
அங்கே பொங்கல் என்ற எழுத்து
தலைகீழாய் இல்லை, இடம் வலமாய்.

"மாடு வெசாக் பாக்கப் போகுது" என்றான் லோஜிதன்.
"வெள்ளச் சட்டை போடாமயா?" என்று கேட்டாள் செனுலி,
கண்டிப்போடு.

மாலை, கொழுந்து நிறுத்துவிட்டு
லோஜிதன் அம்மா வந்தார்.
செனுலி அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்
பானையில் ஊறிய சிவப்பின் மேல்
விரல் வைத்தாள்.
"நீங்க."
அவர் கறுத்த விரல் நுனியைச் சேலையில் துடைத்துக்கொண்டு
தாளைத் தொட்டார். தொட்டதும் திடுக்கிட்டு,
"யாரு டீச்சர் இப்படிக் கெடுத்து வச்சது?
காசு கட்டச் சொல்லுவாங்களோ?"

படிவத்தில் முன்பே எழுதியாயிற்று.
சேதம்: ஒன்று.
காரணம்: மழை.
மாற்றுப் பிரதி தேவையா என்ற கட்டத்தில்
பேனையை வைத்தேன்,
மை ஒரு புள்ளியாய் ஊறியது,
எடுத்துவிட்டேன்.
ராக்கையை மட்டும்
ஓர் அடி இந்தப் பக்கம் நகர்த்தினோம்,
லோஜிதன் அம்மாவும் நானும்.