நாலு வரி

சம்பளச் சீட்டில் நான் ரூபிதா.
வார்டில் ரூபா சிஸ்டர்.
ஆதார் அட்டையில் ஓர் எழுத்து கூடுதல்.
நெல்பேட்டையில் பரோட்டாக் கல்லோடு நின்ற அத்தாதான்
மாவு ஒட்டிய விரலால்
பள்ளிக்கூடப் படிவத்தில் எழுத்தெண்ணி எழுதினார்:
ருஃபைதா.

தெருவுக்கு ஆறு பாத்திமா, ஏழு ஆயிஷா,
ஒருத்தியைக் கூப்பிட்டால் மூணு வீட்டில் கதவு திறக்குது,
அதான் உனக்கு இது என்பார்.
அந்தம்மா மதீனாவில்
பள்ளிவாசலை ஒட்டிக் கூடாரம் போட்டு
காயம்பட்டவங்களைப் பார்த்தவங்க.
அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

நர்சிங் படிக்கிறபோது தேடினேன்.
கிடைத்தது நாலு வரி.
அஸ்லம் கூட்டத்துப் பெண், வைத்தியம் தகப்பனிடம் கற்றது.
இது ஒன்று.
அகழிப் போரில் அம்பு தைத்த ஸஅதை
அவள் கூடாரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள் நபிகள்.
இது இரண்டு.
எந்தத் துணியைக் கிழித்தாள்,
தண்ணீர் யார் சுமந்தது,
குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனதா,
ஒன்றும் இல்லை.
எழுதியவர்கள் கட்டுப் போட்டவர்கள் இல்லை.

சித்திரை நிலவு.
யானைக்கல் பக்கம் ஆற்று மணலில் தார்ப்பாய்க் கூடாரம்.
இரண்டு கட்டில், ஒரு குளுக்கோஸ் கம்பி,
டிரம் நிறைய உப்புச் சர்க்கரைத் தண்ணீர்.
அணையில் திறந்தது இன்னும் கணுக்காலைத் தாண்டவில்லை.
கருமாத்தூர் ஒச்சப்பன், தோளில் தோப்பறை, தலையில் உருமா,
குதிகாலில் பீர் பாட்டில் சில்.
ஏழு தையல்.

"பேரென்ன தாயி?"
சொன்னேன்.
"அது யாரு, சாமியா?"
சாமி இல்லண்ணே. கூடாரம் போட்டவங்க.
"எந்த ஆத்துல?"
ஆறு இல்ல. அகழி.
"அங்கயும் கூட்டந்தான் போல" என்று
காலை நீட்டினார்.
ஊசி இறங்கியபோது "அழகரே, பைய" என்றார்.
எனக்குச் சொன்னதா, அவருக்கா, தெரியவில்லை.

போன வருஷம் இதே இடம், இதே கட்டில்.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தவர்
உட்காருவதற்குள் சரிந்தார்.
முப்பது அழுத்து, இரண்டு மூச்சு,
முப்பது அழுத்து, இரண்டு மூச்சு,
ஆம்புலன்ஸ் பாலத்தின் மேல் ஜனத்துக்குள் நின்று அலறியது.
சட்டைப் பையில் இரண்டு பஸ் டிக்கெட்.
இரண்டாவது டிக்கெட்டுக்குரியவள்
வாசலில் செருப்போடு நின்றிருந்தாள், அவருடைய செருப்பு.
என் உள்ளங்கையில் அவர் பூசியிருந்த சந்தனம்
நாலு நாள் போகவில்லை.

இந்த வருஷம் என்னை விட்டுவிடுங்கள் என்று
எழுதிக் கொடுத்தேன்.
மூன்றாம் நாள் நானே போய்
அந்தத் தாளைத் திருப்பி வாங்கினேன்.
மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி ஏன் என்றார்.
சும்மாதான் மேடம் என்றேன்.

மீதி இரண்டு வரியை
அவரிடம் எப்படிச் சொல்வது?
ஸஅதின் காயம் பிறகு திறந்துகொண்டது, பிழைக்கவில்லை.
இது மூன்று.
கைபருக்குப் படை கிளம்பியபோது
அவளும் அனுமதி கேட்டாள் என்கிறார்கள்.
இது நாலு.
மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே
தாளில் ஒரு விரல் இடம் வெள்ளையாக இருக்கிறது.
அழுதாளா, கூடாரத்தைச் சுருட்டி மூலையில் வைத்தாளா,
யாராவது அவளைக் குறை சொன்னார்களா.
அந்த ஒரு விரல் இடத்தில்தான்
நான் ஒரு வருஷம் குடியிருந்தேன்.

வேட்டு வெடிக்கிறது.
பச்சைப் பட்டு, பச்சைப் பட்டு என்று கரையெல்லாம் கத்துகிறது.
ஐந்து வருஷமாக இங்கே நிற்கிறேன்,
எந்த நிறமும் பார்த்ததில்லை.
கோரிப்பாளையத்துப் பாங்கு
கோவிந்தாவுக்குள் புகுந்து பாதியாக வருகிறது.
பஜ்ருக்கு நேரமாகிறது,
டிரம்மில் ஒளு செய்யத் தண்ணீர் மிச்சமிருக்கிறது,
கை கழுவினால் போதும்.
அதற்குள் தார்ப்பாய் விலகுகிறது.
யாரோ ஒருத்தியைத் தூக்கி வருகிறார்கள்,
பூ அவிழ்ந்து தொங்குகிறது.
பணியில் இருந்தவர் என்ற கட்டத்தில்
பதிவேட்டுப் பையன் என் பேரை
இன்னொரு விதமாகத் தப்பாக எழுதுகிறான்.

தலையை இந்தப் பக்கம் வையுங்க,
காற்று வரட்டும்.