ஒரு வேளைக்கு ஆகும் நேரம்

எலிகள் இரவில்தான் சாப்பிடும்.
அதனால் எனக்கும் இரவு வேலை.
பிரசிகாபா பல் மருத்துவக் கல்லூரியின் பின்பக்கம்
சன்னலே இல்லாத ஓர் அறை,
முப்பத்திரண்டு கூண்டுகள்,
மங்கிய சிவப்பு விளக்கு.
அந்தச் சிவப்பு அவற்றின் கண்ணுக்கு எட்டாதாம்.
நான் மட்டும் சிவந்துபோய் உட்கார்ந்திருப்பேன்.

கிண்ணத்தின் குறுக்கே காணாத ஓர் ஒளிக்கோடு.
மிளகளவு தீனியை எலி எடுத்ததும்
டிக்.
அடுத்தது விழும்.
கணினி மணியைக் குறித்துக்கொள்ளும்.
விடியும்வரை டிக், டிக்,
ஒழுங்கில்லாத முப்பத்திரண்டு கடிகாரங்கள்.

வலித்தால் எலி கத்துவதில்லை.
பாம்பு கேட்டுக்கொண்டிருக்கும் உலகத்தில்
வலியைக் காட்டுவது விருந்துக்கு அழைப்பது.
மீசையைத் துடைக்கும். மூலையைச் சுற்றிவரும்.
நேற்றுப் போலவே எல்லா வேளைக்கும் வரும்,
ஏறக்குறைய நேற்றளவே தின்னும்.
ஆனால் தாடை மூட்டு வீங்கிய எலிக்கு
எட்டு நிமிடத்துச் சாப்பாடு
பன்னிரண்டு ஆகிவிடும்.
"அந்த நான்கு நிமிடத்தைக் கேட்கத்தான்
இத்தனை கம்பியும்" என்பார் டாக்டர் எலோய்சா.

பாதி எலிகளுக்கு வீக்கம் தரும் மருந்து,
பாதிக்கு வெறும் உப்புநீர்.
எது எதற்கென்று எனக்குச் சொல்லமாட்டார்கள்.
சொன்னால் என் கண் பொய் சொல்லத் தொடங்கும்.

உறை பிரித்த அன்று
ஒட்டாவியோ அட்டவணையில் விரலை வைத்தான்:
இருபத்திமூன்று. பதினேழு நிமிடம்.
"உப்புநீர் எலி இது. சென்சார் கோளாறு."
சென்சாரைத் துடைத்தேன்.
மறுநாள் பத்தொன்பது.
கூண்டை மாற்றினேன்.
இருபத்தொன்று.
"ஒன்றுமில்லை ஜுரேமா, சில எலிகள் மெதுவாகத் தின்னும்."

போன வாரம் எட்டில் முடித்த எலி
இந்த வாரம் பொறுமை கற்றுக்கொண்டதா?

துண்டில் சுற்றி எடுத்து
கட்டைவிரலால் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன்.
மேல்வரிசை முன்பல் ஒன்று ஈறோடு முறிந்திருந்தது,
கம்பியைக் கடித்திருக்கும்.
உரசிக்கொள்ள எதிரி இல்லாத கீழ்ப்பல்
மஞ்சளாக, கரும்புக் கொல்லை அரிவாள்போல வளைந்து
அண்ணத்தில் குத்திக்கொண்டிருந்தது.
அந்தக் குழியோடுதான் அது
ஒரு வேளையும் தவறாமல் வந்திருக்கிறது.

மருத்துவர் ஜாசிரா வந்து பல்லைத் தேய்த்துவிட்டார்.
இரண்டு நிமிட வேலை.
மாலையில் அட்டவணையிலிருந்து அந்த வரிசை போயிற்று.
காரணம் என்ற கட்டத்தில் ஒட்டாவியோ எழுதியிருந்தான்:
"ஆய்வுக்குத் தொடர்பில்லாத வலி."
தப்பில்லை, விதி அப்படித்தான்.
இரண்டு தடவை படித்தேன், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது.
யார் சாப்பிட்டாலும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேன்.
காவலாளி அனீசியோ
ஒரு கிண்ணம் பீன்ஸ் சூப்புக்கு முப்பத்தெட்டு நிமிடம் எடுக்கிறார்.
ரொட்டியை நனைத்து, இடப்பக்கமே ஒதுக்கி.
"என்ன ஆச்சு?" என்றால்
"ஒன்றுமில்லை."
மேலே நான்கு மாடி முழுக்கப் பல் மருத்துவர்கள்.
கணக்கைச் சொன்னேன்.
கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்,
திருடனைப் பிடித்தது நான் என்பதுபோல.

வெள்ளிக்கிழமை கூண்டுகள் காலியாகும்.
அது எனக்கும் தெரியும், கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
இருபத்திமூன்றின் கம்பியை மட்டும்
பிடுங்க மறந்ததுபோல விட்டுவைத்தேன்.

வியாழன் இரவு, மூன்று மணி பத்து.
டிக்.
டிக் டிக் டிக்.
ஒன்பதாவது நிமிடத்தில் முடித்துவிட்டு
பின்னங்காலில் எழுந்து நின்று
முகம் கழுவிக்கொண்டது.