தாயம்

மே மாதத்துக் கொளத்தூரில்
தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடுகிறது நீலம்.
டிபன் பாக்ஸ் மூடியில் ஈரப் பஞ்சு,
அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் ஒரு சொட்டு.
ஐந்து நிமிஷம் கெடு.
அதற்குள் ஒரு பட்டாளத்துக்கே கோட்டு மாட்டிவிட வேண்டும்.

நவம்பரில் வேறு கதை.
மொட்டைமாடியில் அடித்த ப்ரைமர்
காற்றின் ஈரத்தில் பொரிந்து
நாற்பது பேருக்கும் அம்மை போட்டிருந்தது.
வேப்பிலை செருகட்டுமா என்றார் இருதயராஜ்.

எதிரிப் படை அவருடையது.
லிஃப்ட் மெக்கானிக். வியாசர்பாடி.
சிவப்பு வட்டத்தொப்பிகள்,
'கடவுள், தேசம், அரசன்' என்று கொடி.
கடவுளின் படைக்குப் பொத்தான் வைக்க
ஞாயிற்றுப் பூசைக்கு டிமிக்கி கொடுக்கிறார்.

என்ன சண்டை இது என்பவர்களுக்குச்
சுருக்கமாகச் சொல்லிவிடுவேன்:
ஸ்பெயினில் ராஜா செத்துப்போனார்.
மகளுக்கு மூன்று வயது நிரம்பப் பத்து நாள் பாக்கி.
பொம்பளப் பிள்ளைக்கு எப்படிப் பட்டம் என்றார் சித்தப்பா.
ஏழு வருஷம். லட்சத்துக்கு மேல் பிணம்.
ஓ, பங்காளிச் சண்டை என்று
கேட்டவர் காபியைக் குடிக்கப் போய்விடுவார்.

நான் அந்தக் குழந்தையின் பக்கம்.
ஏன் என்று இருதயராஜ் கேட்டதில்லை.

பகலில் எனக்கு சார்பதிவாளர் அலுவலகம்.
விடுதலைப் பத்திரத்துக்கு வந்து நிற்பார்கள்
அக்கா தங்கைகள், பட்டுப்புடவையில் சிலர்.
'மனப்பூர்வமாகவும் பிறர் தூண்டுதலின்றியும்' என்று
வாசித்துக் காட்டுவேன்.
கைரேகைக் கருவியில் பெருவிரல்.
பாத்திரம் தேய்த்தே ரேகை அழிந்தவர்களை
இன்னொரு முறை அழுத்துங்கம்மா,
துடைத்துவிட்டு இன்னொரு முறை.
வெளியே அண்ணன்
சமோசா வாங்கி வைத்துக்கொண்டு நிற்பான்.

கோயில் சிலைக்குக் கண் திறப்பது கடைசியில்.
நான் முதலிலேயே திறந்துவிடுகிறேன்,
தவறினால் முகத்தோடு போகட்டும் என்று.
மூச்சைப் பிடித்து ஒரு வெள்ளை.
மூச்சை விடாமல் ஒரு கறுப்பு.
பாதிப் பேர் ஆச்சரியப்பட்டுக்கொண்டே சாகப் போகிறார்கள்.

சனிக்கிழமை ராத்திரி ஆட்டம்.
கழற்றிப்போட்ட லிஃப்ட் கதவுதான் மேசை.
ஃப்ரிட்ஜ் பெட்டித் தெர்மாகோல் மலை,
பச்சைச் சாயம் போட்ட மரத்தூள் புல்.
ஃபேனை நிறுத்திவிடுவோம், இல்லையென்றால்
புல்வெளி எழுந்து தோசைத் தட்டுக்கு வந்துவிடும்.

பாலத்தில் என் இரண்டாம் பட்டாளம்.
மலையிலிருந்து தொப்பிகள் இறங்குகின்றன,
வேர்க்குரு மாதிரி, தேய்க்கத் தேய்க்க அதிகமாக.
நிற்பார்களா ஓடுவார்களா? பகடை சொல்லும்.
விதிப்புத்தகப்படி
ஒன்று விழுந்தால் ஓட்டம்.

ஒன்று விழுந்தது.

'தாயம்!' என்று கத்திவிட்டேன்.
எங்கள் வீட்டு ஆட்டத்தில்
ஒன்று விழுந்தால்தான் காயே உள்ளே போகும்.
அது வரை வெளியில் உட்கார்ந்து
அடுத்தவர் நகர்வதைப் பார்க்க வேண்டியதுதான்.
பழைய பத்திரங்களில் இந்தச் சொல்லுக்கு
வேறு அர்த்தம்: பரம்பரைச் சொத்தில் பங்கு.

இருதயராஜ் நிமிர்ந்து பார்த்தார்.
உங்க ஆளுங்க ஓடிட்டாங்க மேடம், என்றார் மெதுவாக.

பிடிபட்டவர்களை இரண்டு தரப்பும்
சுவரோரம் நிற்க வைத்துச் சுட்டிருக்கிறது அந்தப் போரில்.
நாங்கள் சுடுவதில்லை.
ஸ்பாஞ்சு வைத்துப் படுக்கப் போடுகிறோம்,
அவர் ஆட்களை அவரும் என் ஆட்களை நானும் எண்ணி.

அந்தக் கருவியில் நானும் விரல் வைத்திருக்கிறேன்,
வேறு அலுவலகம், செங்கல்பட்டு.
ரேகை முதல் தடவையிலேயே விழுந்தது.
சமோசா நல்ல சூடு.

கடைசி மின்சார ரயிலில் மடியில் பெட்டி.
உள்ளே யாரோ ஸ்பாஞ்சை விட்டுக் கழன்று
ஒவ்வொரு குலுக்கலுக்கும் இங்கும் அங்கும் உருள்கிறார்.
லோகோ ஸ்டேஷன் தாண்டும் வரை
திறந்து பார்க்கவில்லை.
துப்பாக்கி ஒடிந்திருக்கும்.
சூப்பர் க்ளூ வீட்டில் இருக்கிறதா என்றுதான்
யோசித்துக்கொண்டு வந்தேன்.