போயா கணக்கில் இல்லை

பத்து வேலைநாள் என்றான்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பொடியன்.
சனி ஞாயிறு சேராது. போயாவும் சேராது.
இளஞ்சிவப்புத் துண்டொன்றில் இலக்கம் எழுதி
முத்திரை குத்தித் தந்தான்.
என் மார்பிலிருந்து எடுத்த துணுக்கு
குப்பிக்குள் மிதந்தபடி
இரவுப் பஸ்ஸில் கொழும்புக்குப் போனது.
யன்னலோரம் கிடைத்ததோ என்னவோ.

வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.
இவர் சைக்கிளைத் துடைக்கிறார்,
துடைத்த சைக்கிளையே துடைக்கிறார்.
மட்டக்களப்பிலிருந்து மகள் எடுத்து
சாப்பிட்டீங்களா என்று மூன்று தரம் கேட்கிறாள்.
மூன்று தரமும் சாப்பிட்டேன்.

நான் துறைமுகக் கந்தோரில்
வற்றுப்பெருக்கு எழுதுகிறவள்.
இருபத்திரண்டு வருடம்.
திருகோணமலைக் கடல் பெரிய ஆட்டக்காரி இல்லை,
இரண்டு மூன்று சாண் ஏறுவாள், இறங்குவாள்.
வெளிநாட்டுக் கப்பல்காரர் அளவுகோலைப் பார்த்துச் சிரிப்பார்கள்.
ஆனால் அந்த இரண்டு சாணை
ஒரு நாளும் அவள் தவறவிட்டதில்லை,
ஒரேயொரு மார்கழி ஞாயிறு தவிர.
அந்தப் பக்கம் என் கொப்பியில் வெள்ளையாகவே கிடக்கிறது.
பிறகு ஒரு காலை பழையபடி வந்து
கோட்டில் நின்றாள்,
ஒன்றும் செய்யாதவள் மாதிரி.
அவளை நம்புகிறாயா என்று கேட்காதீர்கள்.
எழுதுகிறேன்.

நாலாம் நாள்
கிண்ணியாவிலிருந்து வரும் றிஸ்மியா
தன் பொரித்த மீனில் பாதியை என் சோற்றில் வைத்தாள்.
"துஆ கேட்டிருக்கன் அக்கா."
முள்ளையும் அவளே எடுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை கோணேசர் மலைக்கு ஏறினேன்.
விளிம்பு மரத்தில் நேர்த்தித் தொட்டில்கள்
காற்றில் ஆளில்லாமல் ஆடின.
என்ன கேட்பது?
நல்லதாக இருக்கட்டும் என்றா?
குப்பிக்குள் இருப்பது ஏற்கெனவே இருப்பதுதானே.
முடிந்துபோனதைத் திருத்தித் தரும்படி
எந்தச் சாமியிடம் மனுப் போடுவது?
ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டார்.
அன்று நான் சொன்னது அவ்வளவுதான்:
தயாநிதி, அனுஷம்.

இறங்கும் வழியில், கோட்டை மதிலடியில்
புள்ளிமானொன்று என் பைக்குள் வாயை வைத்தது.
அர்ச்சனை வாழைப்பழம் போகட்டும்.
பழத்தில் ஒட்டிக்கொண்டு
இளஞ்சிவப்புத் துண்டும் போனது.
ஏய் என்றேன்.
என்னையே பார்த்தபடி மென்றது,
முத்திரையும் சேர்த்து.
வாசலில் நின்ற ஆமிப் பொடியன் சிரித்தான்.
எனக்கும் வந்தது சிரிப்பு,
வயிறு நோக, கல்லில் உட்கார்ந்து,
இத்தனை நாளுக்கும் சேர்த்து.
சிரிப்பு அடங்கியபோது
வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது:
ஏழு நான்கு பூச்சியம் இரண்டு ஒன்பது.
அரிசி களையும்போது, குளிக்கும்போது,
நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவில்
இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.
ஐந்தெழுத்து வாயில் வரவில்லையே என்று
வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவள்
ஐந்திலக்கம் ஓதியிருக்கிறேன்.
கேட்பவனுக்கு விளங்கியிருக்கும்.
விளங்காவிட்டால் அந்த மானிடம் கேட்கட்டும்.

இன்று போயா.
கணக்கில் இல்லாத நாள்.
கடைகள் பாதி பூட்டு, ஆய்வுகூடம் முழுப் பூட்டு.
எங்கோ ஓரிடத்தில் என் குப்பியும் ஓய்வாக இருக்கும்.
அளவுகோலுக்கு மட்டும் லீவில்லை.
பறுவத்தில்தானே கடல் கூட ஏறும்.
படியில் குனிந்து பார்த்தேன்.
நேற்றையதைவிட இரண்டு விரல் மேலே
ஈரம் பளபளத்தது.
குனிந்தபோது தையல் போட்ட இடம் இழுத்தது.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.
பிறகு நேரம் எழுதினேன், உயரம் எழுதினேன்,
குறிப்பு என்ற கட்டத்தில்
வழக்கம்போல ஒன்றுமில்லை.

வெளியே இவர் சைக்கிள் மணியை அடிக்கிறார்.
அவசரமொன்றுமில்லை, சும்மா.
துடைத்துத் துடைத்து அதற்கு
புதுக் குரல் வந்திருக்கிறது.
வாறன், என்றேன்.