மினுக்காமல் விட்ட வாய்

கொட்டாஞ்சேனையில் போர்ட் என்றால்
கப்பல் நிற்கும் இடம்.
எங்கள் ஒழுங்கையில் பாதிப்பேர்
அதன் சங்குக்கு எழும்பி வேலைக்குப் போகிறவர்கள்.
என் மேசையில் கிடக்கும் போர்ட்டுக்குள்
என் சுண்டுவிரல் மட்டும் போகும்,
அதுவும் முதல் மூட்டு வரை.

நூறு சீசீ ஹெட்.
பஞ்சிகாவத்தையில் இரும்போடு இரும்பாய்க் கிடந்தது.
துடைத்துத் தந்த இஸ்ஸதீன் சொன்னான்:
"ஓடும் எண்டுதான் சொன்ன மிஸ்.
ஏறும் எண்டு சொல்லல்ல."

பகலில் நான் பல் செய்கிறவள்.
மெழுகு, அச்சு, ரோஸ் நிற முரசு.
இரவில் அதே கைமோட்டரில்
கார்பைட் முனை மாட்டி
அலுமினியத்தின் தொண்டைக்குள் இறங்குகிறேன்.
முதலாளிக்குத் தெரியாது.
தெரிந்தால் முனைக்குக் காசு வெட்டுவார்.

கேஸ்கட்டை வைத்து ஊசியால் கோடு கீறினேன்,
கோடு வரைக்கும் தின்றேன்.
வார்ப்பில் மிஞ்சிய தழும்பு ஒன்று,
அரிசிக் குறுணி அளவு.
எத்தனை வருடக் காற்று
இதில் தடக்கி விழுந்திருக்கும்!
மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு அரைக்க
தூள் முனையில் அப்பாமல் உதிர்ந்தது.
வால்வ் கைடின் தோளை மெலிவாக்கினேன்.
வால்வ் குந்துகிற வளையத்தைத் தொடவில்லை.
உள்வளைவில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்:
அங்கேதான் காற்று திரும்ப மாட்டேன் என்னும்,
அங்கேதான் சுவரும் மெல்லிசு.

வெளியே, துறைமுகத்தை ஆழமாக்கும் கப்பல்
விடிய விடிய மண் உறிஞ்சியது.

அளப்பதற்கு
அக்காவின் வக்கியூம் கிளீனர்,
மீன்தொட்டிக் குழாயை வளைத்து ஒரு அளவுகோல்,
ஊத்தைப் பல்லைக் காட்டிக்கொடுக்கும்
சிவப்பு மாத்திரை கரைத்த தண்ணீர்.
காற்று மறிபட்டால் தண்ணீர் உயர ஏறும்,
வழி கிடைத்தால் பதியும்.
வெட்டுமுன் ஏழு அங்குலம்.
வெட்டியபின் ஐந்தேமுக்கால்.
அக்கா எட்டிப் பார்த்து
"என்னடி, ரத்தமா?" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம்.
கைப்பழக்கம் விடவில்லை.
பியூமிஸ் தூள், கம்பளிச் சில்லு, நாலு இரவு.
சுவரில் என் கண் தலைகீழாய்த் தெரியும் வரை
மினுக்கினேன்.
தண்ணீர் ஒரு நூல்கூட அசையவில்லை.
பூட்டி உதைத்தால், நின்ற இடத்தில்
இருமல்.
கழற்றிப் பார்த்தேன்:
பெற்றோல் காற்றோடு போகாமல்
துளித்துளியாய்த் திரண்டு
பளிங்குச் சுவரில் வழிந்து கிடந்தது.
கரடு இருந்தால்தான் துளி உடைந்து
காற்றில் கலக்குமாம்.

எட்டு வருடம்
மினுக்கத்துக்குச் சம்பளம் வாங்கியவள்
எண்பதாம் நம்பர் எமரியை விரலில் சுற்றி
நானே கீறினேன்.
புகை போகும் வாசலை மட்டும்
கண்ணாடியாகவே விட்டேன்.
அங்கே கரி ஒட்டக்கூடாது. என் ரோசத்துக்கும்
ஒரு இடம் வேண்டும்தானே.

ஞாயிறு, காலை ஐந்து மணி.
புதுக்கடை ஏற்றம்.
கோட்டு வாசலில் நாய்கள் மட்டும்.
இரண்டாம் கியரில் முனகுகிற இடத்தில்
மூன்றில் போனது.
வேகம் ஒன்றும் கூடவில்லை.
ஏறியது, அவ்வளவுதான்.
இஸ்ஸதீனுக்குச் சொல்லவேண்டும்.

திங்கள், கடை திறந்ததும் வில்பிரட் ஐயா.
முப்பது வருடம் கோட்டில் மொழிபெயர்த்தவர்.
போன கிழமை நான் கட்டிக்கொடுத்த மேல்செட்டை
கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார்.
"பிள்ளை, சாட்சி என்றால் விசிலடிக்குது.
சத்தியம் என்றாலும்."

திருப்பிப் பார்த்தேன்.
முன்பல்லுக்குப் பின்னால், மேலண்ணத்தில்,
என் மினுக்கம்.
மடிப்பு இல்லை, வரி இல்லை,
யன்னல் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போனது.

"கொஞ்சம் இருங்கோ ஐயா" என்று
கரடான முனையைத் தேடினேன்.