பதினோராவது திருகு

ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்ததும்
என் கம்ப்யூட்டருக்குப் புத்தாண்டு:
2009, ஜனவரி ஒன்று, நள்ளிரவு.
சத்துவாச்சாரியின் மே மாதத்தில்
அது தினம் நாலைந்து தடவை பிறக்கிறது.
நேற்று ஏற்றிய, மகளின் பல் விழுந்த படம்
அவள் பிறப்பதற்கு ஒன்பது வருடம் முன்பே
எடுத்ததாகப் பதிவாகியிருக்கிறது.

லாங் பஜார் வாட்ச் கடையில்
சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி, முப்பது ரூபாய்.
அதை மாட்டக் கழற்ற வேண்டியது பதினொரு திருகு.
பத்து வந்துவிட்டது.
கடைசிக்குத் தலை மழுங்கல்.
இட்லிப் பொட்டலத்து ரப்பர் பேண்டை
இடையில் வைத்து அழுத்தினேன், வழுக்கியது.
ஃபெவிக்விக் என் விரலோடு ஒட்டியது.

"புதுசு வாங்கினா என்ன?" ஹேமலதா.
"பத்து வந்துடுச்சே..."

சொல்லி முடிப்பதற்குள் மின்விசிறி நின்றது.
"ஹாப்பி நியூ இயர்" என்றாள்.