பொதுமன்னிப்பு மாதம்

அஜ்மான் நுஐமியாவில்
லாண்டரிக்கும் கரக் டீக்கடைக்கும் நடுவே
என் டைப்பிங் சென்டர்.
பொதுமன்னிப்பு அறிவித்த மறுநாள்
காலை ஒன்பதுக்கே டோக்கன் தீர்ந்தது.

நாற்பத்திரண்டு வந்து உட்கார்ந்தாள்.
ஏசி பதினெட்டில் ஓடியும் எனக்கு வியர்த்தது.
பெயர்?
"எரிச்சி."
ஒற்றைப் பெயரை சிஸ்டம் ஏற்காதும்மா.
யோசித்து, "எரிச்சி கொள்ளிவாய்" என்றாள்.
சொன்ன வேகத்தில் ஒரு பொறி தெறித்து
எஸ்கேப் பட்டன் உருகிப்போனது.
இனி நான் எதை அழுத்தித் தப்பிப்பது?

நுழைந்த தேதி?
"பத்தேமாரியில் வந்தேன், பாய்மரத்து உச்சியில்.
அப்போ முத்திரை குத்த
மேஜைகூடக் கிடையாது."

நாளுக்கு ஐம்பது திர்ஹம்,
அறுபத்து மூன்று வருஷம்.
பதினொன்றரை லட்சத்தைக் காட்டிவிட்டு
கால்குலேட்டர் கண்ணை மூடிக்கொண்டது.

தொழில்?
ரொட்டிக்கடை தந்தூரில் இருபது வருஷம்,
பிறகு ஹம்சக்கோயாவின் கிரில் கடை.
கேஸ் பில் ஏன் வருவதேயில்லை என்று
கோயா ஒருநாளும் கேட்டதில்லை.
நல்ல மனுஷன்.

உள்ளூர் ஜின்கள் யாரையாவது
ஸ்பான்சராகக் கேட்கலாமே என்றேன்.
"அவங்க ஜூன்லயே ஜார்ஜியா போயாச்சு தம்பி.
பூனைக்குச் சோறு வைக்கச் சொல்லி
சாவிய எங்கிட்ட குடுத்துட்டு."

அப்போ அவுட்பாஸ் போடவா, ஊருக்கு?
"அங்க போய் என்ன செய்ய?
சுடுகாட்டுப் பக்கம் லேசா வாயத் திறந்தா
நாலு பேர் செல்போனத் தூக்கிட்டு
இன்னொரு தடவ காட்டுங்கங்கிறான்."

இங்கே மட்டும் பயப்படுகிறார்களா?
"இங்க பயப்பட யாருக்கு நேரம்?
அது ஒரு நிம்மதி."

போட்டோவில் வாய் மூடியிருக்க வேண்டும் என்றேன்.
"அறுபது வருஷமா அதத்தான செய்றேன்"
என்றாள்.
நான் சற்று நேரம் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேவைக் கட்டணம் எழுபது.
நாற்பதுக்குக் கேட்டாள்.
ஐம்பத்தைந்தில் நிற்கும்போது
லேமினேஷன் மெஷின் புகைந்து செத்தது.
"கொண்டா இங்க" என்று வாங்கி
சூடான டீயை ஆற்றுவதுபோல
மெதுவாக ஊதினாள்.
ஓரம்கூடச் சுருங்கவில்லை.

அழித்துவிட்டு மறுபடி டைப் செய்தேன்.
தொழில்: ஆபீஸ் அசிஸ்டெண்ட்.
பணியிடம்: இதே முகவரி.
கோயாவிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அடுத்து, நாற்பத்து மூன்று.
நாற்காலி காலியாக இருந்தது.
உட்காருங்க என்றேன்.
கிறீச்சிட்டது.